கல்மரம்: மக்குவதற்கு முன்னால் சிலிக்கா வந்தால்

புதுச்சேரியிலிருந்து மயிலம் போகும் வழியில், ஏறக்குறைய 30 கிலோமீட்டரில் திருவக்கரை. விழுப்புரம் மாவட்டம், வானூர் வட்டம். வக்கிரகாளியம்மன் கோயிலால் பெயர் பெற்ற அந்த ஊருக்குக் கிழக்கே சுமார் ஒரு கிலோமீட்டரில் தேசிய கல்மரப் பூங்கா இருக்கிறது. செம்மண்ணில் பாதி புதைந்தபடி பழுப்பும் சாம்பலுமாக நீளநீளமான கட்டைகள் கிடக்கும். கண்ணுக்கு மரம்தான். ரேகை ஓடும், முடிச்சு தெரியும், சில இடங்களில் சிராய் கிளம்பியதுபோல்கூட இருக்கும். தட்டிப் பார்த்தால் கல்லின் சத்தம் வரும்.

'மரம் கல்லாக மாறிவிட்டது' என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடுவது வழக்கம். அந்த 'மாறிவிட்டது' என்ற சொல்லுக்குள் இரண்டு வேலைகள் இருக்கின்றன. ஒன்று, மரத்தை மக்கவைக்கும் நுண்ணுயிர்களின் வேலை. இன்னொன்று, தண்ணீரில் கரைந்துவரும் சிலிக்காவின் வேலை; மணலிலும் பாறைகளிலும் நிறைந்திருக்கும் கனிமப் பொருள் அது. எது முந்துகிறதோ அதைப் பொறுத்துத்தான் கல்மரம் கிடைப்பதும் ஒன்றுமே மிஞ்சாமல் போவதும். இந்தப் பந்தயத்தைப் புரிந்துகொண்டால் கல்லுக்குள் பாக்டீரியாவும் பூஞ்சையும் எப்படி அகப்படுகின்றன என்பதும் தானாக விளங்கும்.

மரம் ஏன் மக்காமல் இருந்தது

வேலிக்கு நட்ட கம்பம் எந்த இடத்தில் முதலில் இற்றுப்போகும்? உச்சியிலும் இல்லை, ஆழத்திலும் இல்லை. தரைமட்டத்தில்தான். ஈரமும் காற்றும் ஒன்றாகக் கிடைக்கும் இடம் அது. கிணற்றின் அடியில் இறக்கிய நெல்லிக்கட்டை தலைமுறை தாண்டிக் கிடப்பதும் இதே காரணத்தால்தான். தண்ணீருக்குள் ஆக்சிஜன் குறைவு. மரத்துக்குக் கெட்டித்தன்மை தரும் லிக்னினை உடைத்துத் தின்னும் பூஞ்சைகளுக்கு ஆக்சிஜன் கட்டாயம் வேண்டும். அது கிடைக்காத இடத்தில் ஒருசில பாக்டீரியாக்கள் மட்டும் மெதுவாக அரித்துக்கொண்டிருக்கும். மரம் முழுதாக அழியாமல் நிற்கும், சிலிக்காவுக்குக் கால அவகாசம் கிடைக்கும்.

எனவே முதல் நிபந்தனை, வேகமாகப் புதைவது. திருவக்கரைக் கட்டைகள் எல்லாமே படுத்துக் கிடக்கின்றன. வேர், கிளை, இலை எதுவும் ஒட்டிக்கொண்டில்லை. 3 மீட்டர் முதல் 15 மீட்டர் வரை நீளமுள்ள அடிமரங்கள் மட்டுமே. அதனால் இவை இங்கே வளர்ந்தவை அல்ல, வேறெங்கோ வளர்ந்து வெள்ளத்தில் அடித்துவரப்பட்டு, வழியில் கிளையும் பட்டையும் உரிந்து, ஆற்று மணலில் புதைந்தவை என்று புவியியலாளர்கள் கருதுகிறார்கள். அந்த மணல் இறுகிய பாறைக்குக் 'கடலூர் மணற்கல்' என்று பெயர். கடலூருக்கு மேற்கே கேப்பர் மலையிலும், ஆரோவில் பக்கத்துச் செம்மண் ஓடைகளிலும் வெட்டுப்பட்டு நிற்பது இதே வகைப் பாறைதான். திருவக்கரை மரங்களின் வயது பொதுவாக 2 கோடி ஆண்டுகள் என்று குறிப்பிடப்படுகிறது.

'கார்பன் சோதனை செய்தார்களா?' என்ற கேள்வி எப்போதும் வரும். அந்த முறை ஏறக்குறைய 50,000 ஆண்டுகளுக்கு மேல் உதவாது. தவிர, இங்கே மரத்தின் கரிமத்தில் பெரும்பகுதி போய்விட்டது. பாறை அடுக்கு எதன்மேல் படிந்திருக்கிறது, எதற்குக் கீழே இருக்கிறது, என்னென்ன உயிரெச்சங்கள் அதில் இருக்கின்றன என்பதை வைத்துத்தான் வயதைக் கணிக்கிறார்கள்.

சிலிக்கா எங்கிருந்து வந்தது

மணல் முழுக்க சிலிக்காதானே, அதுவே கரைந்திருக்கும் என்று தோன்றும். ஆனால் மணலில் இருக்கும் குவார்ட்ஸ் எளிதில் கரையாது. சாதாரண வெப்பநிலையில் ஒரு லிட்டர் தண்ணீரில் சுமார் 10 மில்லிகிராமுக்குள்தான் அதன் அளவு நிற்கும். உண்மையான ஊற்று ஃபெல்ஸ்பார் என்ற கனிமம். கிரானைட், நைஸ் போன்ற பாறைகளில் இது நிறைய உண்டு. மழைநீர் பட்டு ஃபெல்ஸ்பார் சிதையும்போது வெள்ளைக் களிமண்ணாக மாறுகிறது. அப்போது அதிலிருந்த சிலிக்காவில் மூன்றில் ஒரு பங்குதான் களிமண்ணில் தங்கும். மீதி இரண்டு பங்கு சிலிசிக் அமிலமாகத் தண்ணீரோடு போய்விடும். நெய்வேலிச் சுரங்கத்தின் மேலடுக்குகளில் வெள்ளைக் களி வருவதையும், விருத்தாசலத்துப் பீங்கான் தொழிலில் அது புழங்குவதையும் இந்தப் பக்கத்துக்காரர்கள் அறிவார்கள். ஃபெல்ஸ்பார் சிதைந்ததற்கு நம் கண்ணெதிரே இருக்கும் சாட்சி அந்த வெள்ளைக் களி. உலகின் வேறு பல கல்மரக் காடுகளில் சிலிக்காவைக் கொடுத்தது எரிமலைச் சாம்பல்.

நிலத்தடி நீரில் லிட்டருக்கு 10 முதல் 60 மில்லிகிராம் சிலிக்கா இருப்பது சாதாரணம். 120 மில்லிகிராமை ஒட்டி வந்தால்தான் அது தானாகவே கூழ்போலத் திரளும். அப்படியானால் 40 மில்லிகிராம் உள்ள தண்ணீர் மரத்துக்குள் மட்டும் ஏன் சிலிக்காவை இறக்கிவைக்கிறது? மரத்தின் செல் சுவரில் இருக்கும் செல்லுலோசும் லிக்னினும் ஆக்சிஜன்–ஹைட்ரஜன் முனைகளை நீட்டிக்கொண்டிருக்கின்றன. சிலிசிக் அமில மூலக்கூறிலும் அதே வகை முனைகள் உண்டு. இரண்டும் ஒன்றையொன்று பற்றிக்கொள்ளும். முதல் வரிசை ஒட்டியபின் அதன்மேல் அடுத்த வரிசை ஒட்டும். செல் சுவரே அச்சாக இருந்து சிலிக்காவுக்கு வடிவம் கொடுக்கிறது.

ஒவ்வொரு மூலக்கூறாக மரம் வெளியேற, அந்த இடத்தில் கல் வந்து உட்கார்ந்தது என்று பல புத்தகங்களில் இருக்கும். வரிசை அப்படி இல்லை. முதலில் செல் சுவருக்குள்ளும், பிறகு செல்லின் உள்வெளியிலும், கடைசியாக விரிசல்களிலும் சிலிக்கா நிரம்புகிறது. மரப்பொருள் அதற்குப் பின்னரோ கூடவேயோ மெல்லச் சிதைந்து போகிறது. முதலில் படிவது நீர் கலந்த ஓபல். அது காலப்போக்கில் ஒழுங்குபட்டு, கால்செடனி என்ற நுண்படிகக் குவார்ட்ஸாகக் கெட்டிப்படும். படிகம் பெரிதாக வளர்ந்துவிட்டால் செல் விவரங்கள் குலைந்துபோகும். வெளியே அழகான கட்டையாக இருந்தும் உள்ளே நுண்ணோக்கியில் ஒன்றும் தெரியாத கல்மரங்கள் இருப்பதற்கு இது ஒரு காரணம். இன்னொரு காரணம், சிலிக்கா வருவதற்குள் பூஞ்சை வேலையை முடித்துவிட்டது.

எவ்வளவு தண்ணீர் தேவைப்பட்டிருக்கும்? ஒரு கன மீட்டர் கல்மரம் ஏறக்குறைய 2,500 கிலோ. கடந்துபோகும் ஒவ்வொரு லிட்டரும் 20 மில்லிகிராம் சிலிக்காவை விட்டுச்செல்கிறது என்று வைத்துக்கொண்டால் 12.5 கோடி லிட்டர் வேண்டும். 12,000 லிட்டர் பிடிக்கும் தண்ணீர் லாரியில் கொண்டுவந்தால் பத்தாயிரம் நடைக்கு மேல். ஒரே ஒரு கன மீட்டருக்கே இவ்வளவு. 10 மீட்டர் நீளமும் 60 சென்டிமீட்டர் விட்டமும் உள்ள கட்டையில் இதைப்போல 2.8 மடங்கு இருக்கிறது. அதன் எடை சுமார் 7 டன்.

இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்தால் இரண்டாவது நிபந்தனை விளங்கிவிடும். தண்ணீர் தேங்கக் கூடாது, ஊடுருவி நகர்ந்துகொண்டே இருக்க வேண்டும். ஆற்று மணல் அதற்கு ஏற்ற இடம்.

தேங்கினால் என்ன ஆகும் என்பதற்கும் நாம் தூரம் போக வேண்டாம். நெய்வேலியில் கடலூர் மணற்கல் அடுக்குகளுக்கு அடியில் பழுப்பு நிலக்கரி இருக்கிறது. அதுவும் மரம், இலை, செடிகொடிதான். அசையாத சதுப்புநீரில் ஒன்றின்மேல் ஒன்றாகச் சேர்ந்து, காற்றில்லாமல் பாதி மக்கி, மேலே விழுந்த மண்ணின் பாரத்தில் அமுங்கியது. கரிமம் அங்கேயே தங்கிவிட்டது. சுரங்கத்திலிருந்து எடுக்கும்போது அதன் எடையில் பாதி அளவு ஈரமே இருக்கும். நெய்வேலி அடுக்கும் திருவக்கரை மரமும் ஒரே காலத்தவை என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். ஆனால் ஒரே வட்டாரத்தில் மரத்துக்கு நேர்ந்த இரண்டு கதிகளை அரைநாள் பயணத்துக்குள் பார்க்க முடிகிறது. தண்ணீர் ஓடிய இடத்தில் கல், தேங்கிய இடத்தில் கரி.

நிறத்தைப் பற்றிச் சுருக்கமாக: சிவப்பு, மஞ்சள், பழுப்பு எல்லாம் இரும்பு. கறுப்பு பெரும்பாலும் மிஞ்சிய கரிமம் அல்லது மாங்கனீசு. நிறத்தை வைத்து மர இனத்தைச் சொல்ல முடியாது.

எத்தனை காலம் ஆகும் என்பதற்கு ஒரே விடை இல்லை. ஜப்பானில் சிலிக்கா செறிந்த வெந்நீர் ஊற்றில் மரத்துண்டுகளைப் போட்டுவைத்துப் பார்த்தபோது, 7 ஆண்டுகளில் எடையில் 40 சதவீதத்தை ஒட்டி சிலிக்கா ஏறியிருந்தது. சாதாரண நிலத்தடி நீரில் இதைவிடப் பலமடங்கு மெதுவாக நடக்கும். எப்படியானாலும் தொடக்கம் சீக்கிரமாக இருக்க வேண்டும். கெட்டிப்படுவது பிறகு நிதானமாக நடக்கலாம்.

தின்ன வந்தவையும் கல்லாயின

பந்தயத்தில் சிலிக்கா வென்ற பல கட்டைகளில் தோற்ற தரப்பும் அப்படியே உறைந்திருக்கிறது. சில மைக்ரான் தடிமனே உள்ள பூஞ்சை இழைகள், அதாவது தலைமயிரின் தடிமனில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவானவை, ஒரு செல்லிலிருந்து அடுத்த செல்லுக்குச் சுவரைத் துளைத்துப் போவதை உலகின் பல கல்மரங்களில் கண்டிருக்கிறார்கள். மரத்தில் திட்டுத்திட்டாக வெளிறிய பொந்துகள் இருந்தால் அது வெள்ளை அழுகலின், அதாவது பூஞ்சை லிக்னினைத் தின்றதன் தடம். பூச்சி குடைந்த துளையில் அதன் எச்சத் துகள்கள்கூடக் கல்லாகி நிற்பதுண்டு.

சிலிக்கா மரத்தை மட்டும் பார்த்து வருவதில்லை. அது படியும்போது என்ன உயிர்ப்பொருள் இருந்தாலும் சூழ்ந்துகொள்ளும். ஸ்காட்லாந்தில் ரைனி என்ற ஊரில் 40 கோடி ஆண்டுகளுக்கு முந்தைய வெந்நீர் ஊற்றின் சிலிக்காக் கல்லில் ஆதிகாலத் தாவரங்களோடு அவற்றின் பூஞ்சைகளும் சயனோபாக்டீரியாக்களும் (வெளிச்சத்தில் உணவு தயாரிக்கும் பாக்டீரியாக்கள்) செல் செல்லாகத் தெரிகின்றன. கனடாவின் கன்ஃபிளின்ட் பாறையில் 188 கோடி ஆண்டு வயதுள்ள நுண்ணுயிர்கள் இருப்பதை ஸ்டான்லி டைலரும் எல்சோ பார்கூர்னும் 1954இல் வெளியிட்டார்கள். அவ்வளவு பழைய காலத்தில் மரமும் இல்லை, புல்லும் இல்லை. நுண்ணுயிர்களின் காலம் அது. கல்மரத்தில் செல் சுவரைக் காப்பாற்றிய அதே வேதியியல்தான் அங்கே பாக்டீரியாவின் உறையைக் காப்பாற்றியது.

நுண்ணுயிர்கள் தனித்தனியாகத் தெரியாமல் கூட்டமாக விட்டுச்சென்ற தடமும் உண்டு. அதற்கு ஸ்ட்ரோமடோலைட் என்று பெயர். மரக்காணம் போன்ற உப்பளங்களில் பாத்தியின் அடியில் பச்சையும் பழுப்புமாகப் படியும் வழவழப்பான படலத்தை நினைத்துக்கொள்ளுங்கள். காய்ந்தால் அப்பளம்போல மடிந்து எழும்பும். அதுதான் சயனோபாக்டீரியாக்கள் பின்னிய நுண்ணுயிர்ப் பாய். அதன் பிசுபிசுப்பில் மண்துகள் ஒட்டும். வெளிச்சம் மறைவதால் உயிர்கள் மேலே ஏறிப் புதுப் பாய் பின்னும். பிறகு அதன்மேல் இன்னொரு அடுக்கு மண். இப்படி மில்லிமீட்டர் மில்லிமீட்டராகச் சேர்ந்து, கூடவே சுண்ணாம்பும் படிந்து கல்லானதே ஸ்ட்ரோமடோலைட். குறுக்கே வெட்டினால் முட்டைக்கோசை அறுத்ததுபோல அடுக்கடுக்காக வளைந்திருக்கும். மேற்கு ஆஸ்திரேலியாவின் ஷார்க் பே கடலோரத்தில் இன்றும் இவை உயிரோடு வளர்கின்றன. அதே மாநிலத்தின் பில்பரா பகுதியில் உள்ளவை 348 கோடி ஆண்டு பழையவை.

இவற்றைத் திருவக்கரையில் தேட வேண்டாம். கடலூர் மணற்கல் இளம் வயதுப் பாறை, அதுவும் பெரும்பாலும் ஆற்று மணல். இந்தியாவில் பார்க்க வேண்டுமானால் ராஜஸ்தானில் சித்தூர்கர் அருகே போஜுண்டா, உதயப்பூர் அருகே ஜாமர்கோட்ரா, உத்தரப் பிரதேசத்தில் சோன்பத்ரா மாவட்டத்து சல்கன் ஆகிய இடங்களுக்குப் போகலாம். சித்ரகூடத்தின் 160 கோடி ஆண்டுப் பாறைகளில் சிவப்புப் பாசி போன்ற உயிரெச்சங்கள் கிடைத்ததாக 2017இல் அறிவித்தார்கள்.

நுண்ணுயிர்ப் படிமத்தில் ஏமாறுவது எளிது, இதைக் கொஞ்சம் அழுத்தியே சொல்ல வேண்டும். கல்லின் விரிசலுக்குள் இன்றைய பாசியும் பூஞ்சையும் புகுந்து வாழும். கல்லைப் பொடித்துக் கரைத்துப் பார்த்தால் நேற்று புகுந்ததும் அன்று இருந்ததும் கலந்துவிடும். அதனால்தான் கல்லைச் சீவி, இழை குவார்ட்ஸ் படிகங்களுக்குள்ளேயே பொதிந்திருக்கிறதா, அல்லது விரிசலை ஒட்டி ஓடுகிறதா என்று பார்க்கிறார்கள். உயிரே இல்லாமல் கனிமங்கள் நூல்போல வளர்வதும் உண்டு. பில்பராவின் ஏபெக்ஸ் சிலிக்காக் கல்லில் 346 கோடி ஆண்டு நுண்ணுயிர்கள் என்று வில்லியம் ஷாப்ஃப் 1993இல் சொன்னதை, அவை கனிம உருவங்களே என்று மார்ட்டின் பிரேசியரின் குழு 2002இல் மறுத்தது. வடிவம் மட்டும் போதாது. பொருள் கரிமமா, பாறை உருவான சூழல் உயிருக்கு ஏற்றதா, ஒரே மாதிரி பல செல்கள் வரிசையாக இருக்கின்றனவா என்பதெல்லாம் ஒன்றுகூடினால்தான் நம்பலாம்.

உள்ளே பார்ப்பது எப்படி

மரத்தை அடையாளம் காண மூன்று வெட்டு வேண்டும்: தண்டுக்குக் குறுக்காக ஒன்று, நடுவிலிருந்து ஆரவாக்கில் ஒன்று, வளையத்தைத் தொட்டபடி நெடுக்காக ஒன்று. மரக்கடையில் ஒரே கட்டையின் மூன்று முகத்திலும் ரேகை மூன்று விதமாக இருப்பது நாம் பார்த்ததுதான். குறுக்கு வெட்டில் பெரிய துளைகள் தெரிந்தால் பூக்கும் தாவரம். அவை நீர் ஏற்றும் குழாய்கள். துளையே இல்லாமல் ஒரே அளவுச் செல்கள் வரிசையாக நின்றால் ஊசியிலை வகையைச் சேர்ந்தது.

ஆய்வகத்தில், வைரம் பதித்த வட்டரம்பத்தால் தண்ணீர் ஊற்றியபடி சில மில்லிமீட்டர் கனத்தில் ஒரு வில்லை அறுக்கிறார்கள். ஒரு முகத்தை சிலிக்கான் கார்பைடு தூளில் 220, 400, 600, 1000 என்ற வரிசையில் (எண் கூடக்கூடத் தூள் நைசாகும்) தேய்த்து மழமழப்பாக்கி, நன்றாக உலர்த்தி, எபாக்ஸி பசையால் கண்ணாடித் தகட்டில் ஒட்டுகிறார்கள். பிறகு மறுபக்கத்தை வெட்டி, 0.03 மில்லிமீட்டர் வரும்வரை தேய்க்கிறார்கள். அந்தக் கனத்தில் கல் வழியே வெளிச்சம் ஊடுருவும்.

தவறுவது பெரும்பாலும் சின்ன இடங்களில்தான். கல் ஈரமாக இருந்தாலோ பசையில் காற்று இருந்தாலோ குமிழி விழும், பின்னர் அந்த இடம் பெயர்ந்துவிடும். 220 தூளில் ஒரு துகள் கையில் ஒட்டி 600க்குள் போய்விட்டால் முழு முகத்திலும் கோடு விழும்; ஒவ்வொரு கட்டத்துக்கும் இடையே கல்லையும் கையையும் தட்டையும் கழுவியாக வேண்டும். ஒரு பக்கம் அழுத்தித் தேய்த்தால் ஆப்புப் போலச் சாயும். கல்மரத்துக்கே உரிய சிக்கல் ஒன்று உண்டு. செல் சுவரைக் காட்டிக்கொடுப்பது அதில் மிஞ்சியிருக்கும் இளம்பழுப்புக் கரிமம். 0.03க்கும் கீழே போனால் அந்தச் சாயல் மறைந்து எல்லாம் வெறும் கண்ணாடியாகிவிடும். ஆகவே 0.04, 0.05 அளவிலேயே நிறுத்திப் பார்ப்பது நல்லது. பொலபொலத்த கட்டையானால் அறுப்பதற்கு முன்பே பிசின் ஊட்டிக் கெட்டிப்படுத்த வேண்டும். உலர்ந்த தூளை மூச்சில் இழுக்கக் கூடாது, சிலிக்கா தூசி நுரையீரலைக் கெடுக்கும்.

இப்படிச் சீவிப் பார்த்ததில்தான் கடலூர் மணற்கல்லின் மரங்கள் பெயர் பெற்றன. மா, முந்திரி குடும்பம், மருதம், கடுக்காய் குடும்பம், புளி குடும்பம், ஆமணக்குக் குடும்பம், குங்கிலியக் குடும்பம். பண்ருட்டிச் செம்மண்ணில் இன்று நிற்கும் முந்திரி பிரேசிலிலிருந்து போர்த்துகீசியர் வழியாக வந்தது. ஆனால் அதன் குடும்பத்தார் இந்த மண்ணுக்குப் புதியவர்கள் இல்லை. குங்கிலியக் குடும்பத்து மரங்கள் இன்று மேற்குத் தொடர்ச்சி மலையின் மழைக்காடுகளிலும் தென்கிழக்கு ஆசியாவிலும் செழிக்கின்றன. திருவக்கரைக் கட்டைகளில் ஆண்டு வளையம் தெளிவாகத் தெரிவதில்லை. வறட்சியும் குளிரும் மாறிமாறி வராத, ஆண்டு முழுக்க ஒரே சீரான வெப்பமும் ஈரமும் இருந்த காட்டில் அப்படித்தான் இருக்கும்.

நேரில் பார்க்கும்போது

செம்மண் பகுதியில் இரும்பு ஊறிய மணற்கல் உருளையாகவும் அடுக்கடுக்காகவும் கிடக்கும். அதைக் கல்மரம் என்று எண்ணுவது அடிக்கடி நேரும் பிழை. பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸ் ஒன்று போதும். குறுக்கு முகத்தில் ஊசி குத்தியதுபோல ஒழுங்கான துளைகளும், நடுவிலிருந்து வெளியே ஓடும் மெல்லிய கோடுகளும் இருந்தால் மரம். மணல்மணியாகத் தெரிந்தால் மணற்கல். உங்கள் நிலத்தில் கிடைத்த துண்டானால், கண்ணாடியில் கீறிப் பார்க்கலாம். சிலிக்காவானால் கீறல் விழும். வினிகர் விட்டால் நுரைக்காது. நுரைத்தால் அது சுண்ணாம்புக் கல்.

பூங்காவில் இந்தச் சோதனை எதுவும் கூடாது. 1940இல் அமைந்த பூங்கா இது, புவியியல் ஆய்வுத் துறையின் பாதுகாப்பில் இருக்கிறது. சுமார் 247 ஏக்கரில் பல துண்டுகளாகப் பரந்திருந்தாலும் பார்வையாளர்களுக்குத் திறந்திருப்பது ஒரு சிறு பகுதிதான். விரல்நுனி அளவு சில்லைக்கூட எடுத்துவர வேண்டாம். புதைந்த இடத்திலிருந்து பிரிந்துவிட்டால் கட்டை எந்தத் திசையில் கிடந்தது, எந்த அடுக்கில் இருந்தது என்ற விவரம் போய்விடும், அதன்பின் அது வெறும் அலங்காரக் கல். கிணறோ அடித்தளமோ தோண்டும்போது தட்டுப்பட்டால், நகர்த்தாமல் பக்கத்தில் ஓர் அளவுகோலை வைத்துப் படமெடுத்து, இடத்தையும் ஆழத்தையும் குறித்து, புவியியல் ஆய்வுத் துறைக்குச் சொல்லுங்கள்.

பூங்காவுக்குப் போக நல்ல நேரம், ஐப்பசி கார்த்திகையில் மழை விட்ட மறுநாள் காலை. காய்ந்த கட்டையின் தூசி மூடிய முகத்தில் தெரியாத துளைகள் ஈரம் பட்டதும் கறுத்துப் பளிச்சென்று தெரியும். சாய்ந்த வெயிலில் கட்டையின் வெட்டுமுகத்தருகே குனிந்து லென்ஸை வைத்தால், 2 கோடி ஆண்டுகளுக்கு முன் தண்ணீர் ஏறிய குழாய்களை ஒவ்வொன்றாக எண்ணிவிடலாம்.